பன்னிரண்டு கோட்டும் பதினொரு பேரும்

அந்த வேனுக்குள் பன்னிரண்டு இருக்கைகள். ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே ஒரு கொக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. வேனை ஓட்டுகிறவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஊரில் அவளைக் கொக்கியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர்களுக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

அந்தக் கடலோரத்தில் மழை மேலிருந்து பெய்வது குறைவு, பக்கவாட்டில் வீசுவதுதான் அதிகம். அலை பாறையில் மோதிச் சிதறி, காற்றோடு கைகோத்துக்கொண்டு வந்து முகத்தில் அறையும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயணிகள் இறங்கும்போது ஆளுக்கொரு கோட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்பி வந்ததும் அவரவர் கொக்கியில் மாட்ட வேண்டும். பன்னிரண்டும் மாட்டியாயிற்று என்றால்தான் அவள் சாவியைத் திருப்புவாள். தலையை எண்ணுவதே கிடையாது. முன்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் நாத்தனார் இதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வாள். எங்கள் அண்ணி ஆட்டுமந்தை மாதிரி யாரையும் எண்ண மாட்டார், மரியாதை தெரிந்தவர் என்பாள்.

மரியாதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொக்கியக்காவுக்கு முகம் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எதிரில் இருக்கும்போது கண், மூக்கு, வாய் எல்லாம் நன்றாகத் தெரியும். அந்த ஆள் திரும்பி நடந்துவிட்டால் கண்ணாடியில் ஊதிய ஆவி மாதிரி முகம் கலைந்துபோகும். பள்ளியில் இரண்டு தோழிகளை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். பிறகு குரலையும் நடையையும் உடுப்பையும் வைத்து ஆட்களைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். இது தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர். கூட்டத்தில் அவளைப் பார்த்தால் நாலடி தூரத்திலேயே எதையாவது பேசிக்கொண்டு வருவார். ஒருமுறை மீசையை எடுத்துவிட்டு வாசலில் நின்றவரிடம், அவர் வாயைத் திறப்பதற்குள், "வீட்டுக்காரர் கடையில இருக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவர் மீசையில் கை வைக்கவே இல்லை.

வேன் நாத்தனாருடையது. கணவனை இழந்த நாத்தனார், வந்த காப்பீட்டுத் தொகையை அப்படியே அந்த வேனில் போட்டிருந்தாள். முகம் நிற்காத ஒருத்தியிடம் பன்னிரண்டு உயிரை ஒப்படைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் என்ன செய்வாளோ? அந்தக் கேள்வி கொக்கியக்காவின் அடிவயிற்றில் பத்து வருஷமாகக் கிடந்தது. அதற்காகத்தான் கொக்கிகள். பத்து வருஷத்தில் அவை ஒருமுறைகூட அவளைக் காட்டிக்கொடுத்ததில்லை.

அன்றைக்குக் காலையில் கிளம்பியவர்கள்: அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். கடைசி இருக்கையில் தனியாக வந்த ஒரு அம்மாள். வழக்கம்போல் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டாள். பெரிய பையனுக்குச் சிவப்புத் தொப்பி. புதுப்பெண்ணுக்குக் கடிக்கிற புதுச் செருப்பு. தலைமையாசிரியருக்கு அடையாளமே தேவைப்படவில்லை, அவர் பேச்சை நிறுத்தினால்தானே. கடைசி இருக்கை அம்மாளுக்கு ஒரு நீலக் குடை.

முதல் மூன்று நிறுத்தங்களும் ஒழுங்காகப் போயின. கடல் குடைந்த வளைவுப் பாறையின் கீழே எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பறவைகள் அடைந்த செங்குத்துச் சுவரைப் பார்த்துத் தலைமையாசிரியர் ஒரு பாடமே நடத்தினார். கூழாங்கல் விரிகுடாவில் சின்னப் பிள்ளை பையெல்லாம் கல்லை நிரப்ப, அவன் அப்பா, "கடலுக்கு மிச்சம் வைடா" என்றார்.

நான்காவது நிறுத்தம் நாய்த்தலைப் பாறை. கரையிலிருந்து நூறு தப்படி தூரத்தில், தண்ணீரில் மோவாயை வைத்துப் படுத்திருக்கும் நாயைப் போல ஒரு பெரும் பாறை. கடல் வற்றியிருக்கும்போது கரைக்கும் அதற்கும் நடுவில் கற்பாதை ஒன்று எழும். கடல் ஏறினால் பாதை மூழ்கிவிடும். அப்புறம் ஆறு மணி நேரத்துக்குப் போக்குமில்லை, வரத்துமில்லை. பாறையின் அடிப்பாதி அலையிலேயே இருக்கும், மேல்பாதி வழுக்கும். அன்றைக்குப் பாதை மூழ்கும் நேரம் நாலேகால். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து, மூன்று மணிக்கெல்லாம் எல்லோரும் வண்டியில் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினாள்.

மூன்று ஐந்துக்குத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு கொக்கியிலும் மஞ்சள் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினாள், கிளம்பினாள்.

அங்கிருந்து கலங்கரை விளக்கத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் முழங்கால் உயரத் தடுப்பு, அதற்குக் கீழே கடல். அந்த வழி நெடுக செல்போன் ஊமைதான். கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரே ஒரு டீக்கடை. வேன் வளைவில் தெரிந்ததுமே கடைக்காரர் பன்னிரண்டு கண்ணாடித் தம்ளரை வரிசையாக வைத்துவிடுவார். எல்லோரும் எடுத்துக் குடித்தார்கள். கொக்கியக்கா வெளியே நின்று டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஒரு டீ ஆறிட்டிருக்கு. யாருக்காவது வேண்டாமா?"

யாராவது கழிவறைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். கழிவறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே யாரும் இல்லை. கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் போய்ப் பார்த்தாள். பிறகு வேனுக்குள் ஏறினாள். கடைசி இருக்கையில் நீலக் குடை மட்டும் படுத்திருந்தது. கோட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டுதான்.

கடைக்குள் போய், கடைசி இருக்கையில் இருந்த அம்மாளை யார் கடைசியாகப் பார்த்தது என்று கேட்டாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. அலுவலகப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூங்குகிறார் என்று நினைத்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். அப்போதுதான் புதுப்பெண் தம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அவங்க கோட்டை என்கிட்ட குடுத்தாங்க. புழுக்கமா இருக்கு, நீ முன்னால போறியே, இதையும் மாட்டிடும்மான்னு சொன்னாங்க. நான் ரெண்டையும் மாட்டிட்டேன்."

அந்தப் பெண் மேல் என்ன தப்பு? கையில் கொடுத்ததை மாட்டினாள். தலைமையாசிரியர், தலையை எண்ணியிருக்க வேண்டாமா என்று ஆரம்பித்தார். அவர் மனைவி, "இப்ப வேண்டாம், சும்மா இருங்க" என்று அடக்கினார். மணி மூன்று ஐம்பத்தெட்டு. நாலேகாலுக்குப் பதினேழு நிமிடம் இருந்தது.

பிள்ளைகளின் அப்பா, எல்லோரும் சேர்ந்தே போய்த் தேடுவோம் என்றார். கொக்கியக்கா மறுத்துவிட்டாள். வண்டி கனமில்லாமல் இருந்தால்தான் வளைவுகளில் விரட்ட முடியும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வேகம் போக முடியாது என்றாள். அது உண்மைதான். பதினொரு ஜோடிக் கண்கள் பிடரியில் குத்திக்கொண்டிருக்க அவளால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது என்பதும் உண்மை. கடைக்காரரிடம், பெரிய ரோட்டுப் பக்கம் யாராவது பைக்கில் போனால் சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து மீட்புப் படகுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு ஏறினாள்.

வழக்கமாக அவள் ஓட்டுவது, மடியில் குழந்தையைத் தூங்கவைத்திருப்பவள் ஓட்டுவது போல இருக்கும். அன்று ஒவ்வொரு வளைவிலும் டயர் கத்தியது. கொக்கிகளில் கோட்டுகள் எல்லாம் ஒருசேர ஒரு பக்கம் சாய்ந்தன, பிறகு மறு பக்கம். கீழே கடல் ஏறிக்கொண்டிருந்தது. வற்றியிருந்தபோது கறுப்பாகத் தெரிந்த கற்கள் ஒவ்வொன்றாக வெள்ளை நுரைக்குள் போவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டு மணிக்குப் பார்த்தபோது அழகாக இருந்த அதே கடல்தான்.

அந்த அம்மாள் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒன்றும் வரவில்லை. நீலக் குடை வந்தது, அதைப் பிடித்த கை வந்தது, கைக்கு மேலே வெறும் புகை. ஒல்லியா? பருமனா? கண்ணாடி போட்டிருந்தாரா? காலையில் ஏறும்போது அவர் ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்? குரலையாவது பிடித்து வைத்திருக்கக் கூடாதா? மீட்புப் படையினர் வந்து, ஆள் எப்படி இருப்பார் சொல்லுங்கள் என்று கேட்டால், குடை நீலம் என்றா சொல்வாள்? ஆறு மணி நேரம் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவரைப் பற்றி அவளிடம் இருந்தது அவ்வளவுதான். அழுகை வந்தது. அழுதால் ரோடு தெரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாறைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது சாலையோரமாக ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தார். சால்வையால் தலையைச் சுற்றி மூடியிருந்தார். வேனைப் பார்த்ததும் கையை உயர்த்தி நடுரோட்டுக்கு வந்தார். அந்தச் சாலையில் பேருந்து அபூர்வம், பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் இப்படி லிஃப்ட் கேட்பது வழக்கம். மற்ற நாளாக இருந்தால் ஏற்றிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவரை நேராக ஒரு பார்வை பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டி, ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனாள். கண்ணாடியில் அந்தக் கை இன்னும் தூக்கியபடியே சிறுத்துப் போனது.

நாய்த்தலையை அடைந்தபோது மணி நாலு இருபத்தொன்று. கற்பாதை இல்லை. பாதை இருந்த இடத்தில் இரண்டு பக்கத்து அலைகளும் முட்டிக்கொண்டு, மோதிய இடத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழுந்தது. பாறையில் யாரும் தெரியவில்லை.

படிகளில் இறங்கி ஓடினாள். முழங்கால் வரை தண்ணீரில் நின்று, "அம்மா" என்று கத்தினாள். காற்று அந்த வார்த்தையை அவள் வாயிலேயே திணித்தது. பாறைக்கு மறு பக்கம் இருப்பாரோ? மறு பக்கத்தில்தான் உட்காரத் தோதான ஒரு திட்டு உண்டு, ஆனால் முதலில் மூழ்குவதும் அந்தத் திட்டுதான். ஓர் அலை வந்து இடுப்பைத் தள்ளியது. பக்கத்திலிருந்த கல்லைக் கட்டிக்கொண்டாள். நீந்தலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு மஞ்சள் கோட்டாவது போட்டிருந்தால் தண்ணீரில் தெரிந்திருக்குமே, அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டாரே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே, அவர் தண்ணீரில் இருக்கிறார் என்று தன் மனசு முடிவு கட்டிவிட்டதால்தான் என்பது புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து நிமிடம் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினாள். பாறைப் பொந்துகளில் மட்டிச் சிப்பி பெயர்க்கிற ஒரு ஆள், கடல் ஏறிவிட்டதால் வாளியைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பக்கத்திலிருந்து வந்தார். அவரைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை கோர்வையாக வரவில்லை. ஒரு பெண், தனியாக, பாறையில் என்றாள்.

"அந்த அம்மாவா? அவங்க மூணேகாலுக்கே கரைக்கு வந்துட்டாங்களே. கால் கொஞ்சம் இழுத்து இழுத்து வந்தாங்க. வண்டி போயிடுச்சா, அடப்பாவமேன்னு கேட்டேன். நடந்தே போறேன்னு ரோட்டுல ஏறிட்டாங்க. நீங்க வர்ற வழியில பாக்கலையா?"

கொக்கியக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது, அதன் பின்னாலேயே நடுரோட்டில் உயர்ந்த அந்தக் கை ஞாபகம் வந்தது.

"தலையில சால்வை போட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றார் மட்டிக்காரர்.

அந்த அம்மாள் முன்பு கை காட்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், தடுப்புச் சுவரின் மேல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேன் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. கொக்கியக்கா இடுப்பு வரை சொட்டச் சொட்ட இறங்கி வந்து எதிரில் நின்றாள். மன்னிச்சுக்குங்க என்றாள். அது கேட்காததைப் போல அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொஞ்சமும் உயராத குரலில் சொன்னார்.

"விட்டுட்டுப் போனது தெரியாம நடந்திருக்கும், அது எனக்குப் புரியுது. ஆனா என் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துட்டு, தலைய ஆட்டிட்டுப் போனீங்களே. அதுக்கு என்ன அர்த்தம்?"

யாரோ லிஃப்ட் கேட்கிறார்கள் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். கண்ணில் தூசி என்று சொல்லலாம். இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறாள், நாக்கு நுனியில் எப்போதும் ஏழெட்டுத் தயாராக இருக்கும். அந்தப் பெண்மணி சுருங்கிய கண்களோடு காத்திருந்தார்.

"எனக்கு முகம் நிக்காதும்மா" என்றாள் கொக்கியக்கா. "பொறந்ததுலேர்ந்து. யார் முகமும் நிக்காது. உங்களைத் தேடித்தான் வந்தேன். உங்களையே பாத்துட்டு, நீங்கன்னு தெரியாம போயிட்டேன்."

அவர் நீட்டியிருந்த காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு, சொந்தப் பிள்ளை முகமுமா என்று கேட்டார். பிள்ளை இல்லை, கணவர் முகமும் அப்படித்தான் என்றாள். அவர் இவளுடைய ஈரச் சேலையைப் பார்த்தார். கையை நீட்டினார். கொக்கியக்கா பிடித்துத் தூக்கி, முன் இருக்கையில் உட்காரவைத்தாள்.

போகிற வழியில் அவராகவே பேசினார். தையல்கடை வைத்திருக்கிறாராம். ஒண்டியாக ஓர் ஊருக்கு வந்தது இதுதான் முதல் தடவை. வேண்டாம் வேண்டாம் என்று மகன் தலையால் தண்ணி குடித்தும், அவனைச் சமாதானப்படுத்திவிட்டு வந்திருக்கிறார். பாறையின் மறு பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எழுந்து வரவே மனசில்லையாம். மூன்று மணி என்று சொன்னது காதில் விழுந்தது, இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று இருந்துவிட்டாராம். "இது அவன் காதுக்குப் போனா, அடுத்த தெருவுக்குக்கூட என்னைத் தனியா விடமாட்டான். அதனால நான் எங்கேயும் புகார் பண்ணப் போறதில்லை. நீங்களும் வாயைத் திறக்காதீங்க."

கொக்கியக்கா சரி என்று தலையாட்டினாள். தப்பித்தோம் என்று நினைக்க வேண்டும். நினைக்க முடியவில்லை. கடல் இப்போது தடுப்புச் சுவருக்கு நேர் கீழே உறுமிக்கொண்டிருந்தது. இவர் ஒரு நிமிஷம், இன்னொரு நிமிஷம் என்று கால் மணி நேரம் உட்கார்ந்தார். கால் மணி இல்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால்?

டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். புதுப்பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ, அவர், "எனக்கு நடை பழக்கம்தான்மா, நல்லா காத்து வாங்கிட்டு வந்தேன்" என்றார். மீட்புப் படகுக்குத் தகவல் சொல்ல பைக்கில் போனவரை நிறுத்தக் கடைக்காரர் இன்னொரு பைக்கில் ஓடினார். ஊர் திரும்பும் வரை தலைமையாசிரியர் பேசவில்லை. அவர் வாய் மூடியிருந்தது கொக்கியக்காவை இன்னும் கலங்கவைத்தது.

ஏழு மணிக்கு, எல்லோரும் இறங்கிப் போன பிறகு, முன்பதிவு அலுவலகத்துக்குள் போனாள். பேருந்து நிலையத்தை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. நாத்தனார் மேஜை விளக்கை அணைக்கப் போனவள், இவள் ஈரத்தைப் பார்த்து நிறுத்தினாள். கொக்கியக்கா உட்காரவில்லை. ஒருவரைப் பாறையில் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள், திரும்பப் போனதைச் சொன்னாள். அந்த அம்மாள் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு முகம் நிற்காததைச் சொன்னாள்.

நாத்தனார் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எதையோ கணக்குப் போடுகிறவள் போல நின்றாள்.

"அப்போ, எனக்குக் கல்யாணம் ஆன மறு வாரம், ஜவுளிக்கடை வாசல்ல?"

"அங்க என்ன?"

"நான் சிரிச்சேன், அண்ணி. நீங்க என்னைப் பாத்தீங்க. பாத்துட்டுப் பக்கத்துல இருந்த துணியப் புரட்ட ஆரம்பிச்சுட்டீங்க. இத்தனை வருஷமா அதை மனசுல வெச்சுப் புழுங்கிட்டிருக்கேன்."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா குரல்ல கண்டுபிடிச்சிருப்பேனே."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? புதுப்பொண்ணு நான். நீங்கதான் கூப்பிடணும்" என்றாள் நாத்தனார். அதில் கோபம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாதது போல, மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து, திரும்ப வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

கொக்கியக்கா கொடுத்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள். வேறு வேலை என்று அவளுக்கு என்ன தெரியும்? வளைவுகள்தான் தெரியும். எந்த வளைவில் மணல் கிடக்கும், எந்த வளைவில் காற்று வண்டியைத் தள்ளும் என்பதுதான் தெரியும்.

"நாளைக்கு எத்தனை மணி?" என்று நாத்தனார் பதிவேட்டைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏழரை. பன்னெண்டு பேர்."

"பதினொண்ணுன்னு மாத்துங்க. கடைசியா பதிஞ்சவருக்கு நான் போன் பண்ணி இன்னொரு நாள் வரச் சொல்றேன். அந்த சீட்டுல நான் வரேன்." நாத்தனார் சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இது என்கிட்டயேதான் இருக்கும். ஒவ்வொரு எடத்துலயும் அத்தனை மூஞ்சியும் ஏறி உக்காந்ததை நான் பாத்தப்புறம்தான் உங்க கைக்கு வரும். எனக்கு வளைவுல குமட்டும், அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

"ஆபீஸை யார் பாத்துக்குவா?"

"பூட்டிக் கெடக்கட்டும். உங்களை மாதிரி நம்பகமான ஆள் வேற யாரு இருக்கா எனக்கு" என்றாள். அதைக் குத்தலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்பது கொக்கியக்காவுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. நாத்தனார் கதவைப் பூட்ட, இருவரும் தெருவில் இறங்கினார்கள். ஈரச் சேலை காலில் ஒட்டியது. நாளைக்குக் கடல் ஏறும் நேரம் ஐந்து மணி, இன்றைவிட முக்கால் மணி நேரம் கூடுதல் என்று கொக்கியக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.